நிறுத்துவதற்கு முன் ஒரு கணக்கு

தைப்பூசம் நெருங்கிவிட்டால் குன்றக்குடியிலிருந்து பழநி நோக்கிக் காவடியும் பாதயாத்திரையுமாகச் சாலை நிறைந்துவிடும். காரைக்குடியில் மனநல மருத்துவராக இருக்கும் எனக்கு அது கவலை தரும் காலமும்கூட. ஆண்டு முழுவதும் தினமும் குடித்தவர்கள், மாலை போட்ட அன்றே குடியை அடியோடு விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய பக்தியில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. உடம்புதான் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை.

புதுவயலில் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒருவரை அப்படித்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மாலை போட்ட அன்று இரவு அவருக்குத் தூக்கமில்லை, கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. மறுநாள் மாலை வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். எதிரில் இல்லாத மேஸ்திரியிடம் மூட்டைக் கணக்குச் சொன்னார். விரதத்தில் ஏதோ குறை நேர்ந்துவிட்டது என்று பயந்து மந்திரிக்க அழைத்துப் போனதில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிட்டன. எங்களிடம் வந்து சேர்ந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. பிழைத்துக்கொண்டார். இந்த நிலையில் சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோகிறவர்களும் உண்டு.

நடந்தது இதுதான். மது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடிப்பவரின் மூளை அந்த மந்தத்தை எதிர்த்து எப்போதும் கூடுதல் முடுக்கத்தில் ஓடப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். மனம் குழம்பி, இல்லாததைக் காண்பது இரண்டாம் நாளுக்குப் பிறகு, நான்காம் நாள் வரை தலைகாட்டும். குடிக்கும் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் காலையில் கொஞ்சம் குடித்தால்தான் கை நிற்கும் என்பவரும், முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவரும் தனியாக நிறுத்திப் பார்க்கவே கூடாது.

‘டாக்டரே குடிக்கச் சொல்லிவிட்டார்’ என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விட வேண்டும், நிச்சயமாக விட வேண்டும். மாலை போட நாள் பார்க்கும்போதே, அதற்குப் பத்து நாள் முன்பாக மருத்துவரைப் பார்க்கவும் ஒரு நாள் குறியுங்கள் என்றுதான் கேட்கிறேன். வைட்டமின் பி1 ஊசியும், படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் மாத்திரைகளுமாகப் பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாட்களில் இந்தக் கட்டம் கடந்துவிடும். சிலருக்கு வீட்டிலிருந்தபடியே முடியும். சிலரை அனுமதிக்க வேண்டியிருக்கும். குடியை விட்டபின் மீண்டும் தொடாமலே இருப்பதற்கான சிகிச்சை அதற்குப் பிறகு தொடங்குகிறது. அது மாதக்கணக்கில் நீளும்.

எது தேவை என்று முடிவு செய்ய எனக்கு வேண்டியது உண்மையான அளவு. ‘எப்போதாவது, லேசாக’ என்ற பதில் என் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. ஒரு குவாட்டர் 180 மில்லி. பிராந்தி, ரம் போன்றவற்றில் அது ஏறத்தாழ 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். ஒன்றா மூன்றா என்பதைப் பொறுத்து மருந்தின் அளவே மாறும்.

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி தனியாக வந்தார்கள். “அவர் வர மாட்டார் தம்பி, கணக்கைக் கொண்டுவந்திருக்கிறேன்” என்று ஒரு நீள நோட்டை மேசைமேல் வைத்தார்கள். முன்பக்கம் பால் கணக்கு. பின்பக்கத்தில் தேதி, நேரம், எத்தனை பாட்டில், அன்று சாப்பிட்டாரா இல்லையா என எல்லாம் இருந்தது. நோயாளி வராத அந்த நாளைத்தான் நான் சிகிச்சையின் முதல் நாளாக வைத்துக்கொள்கிறேன். எப்போது பேசுவது, யார் பேசுவது என்று அன்று முடிவு செய்தோம். காலையில், போதை இல்லாத நேரத்தில், வளவில் எல்லோர் முன்னாலும் அல்லாமல் தனியாக. ‘குடிகாரன்’ என்ற சொல் இல்லாமல். ‘மூட்டுவலிக்குக் காட்டலாம் வாருங்கள்’ என்ற பொய்யும் இல்லாமல்.

பன்னிரண்டு நாள் கழித்து அவரே வந்தார். நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு என் பேனாவை எடுத்து நான்கு இடங்களில் கூட்டி எழுதினார். “இது இவளுக்குத் தெரியாது” என்றார். ஆச்சி எதுவும் பேசவில்லை. நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எல்லா வீட்டிலும் இப்படி அமைவதில்லை. பெரிய வீடு, தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம், வெளியே தெரிந்தால் என்னாவது என்ற பயத்தில் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறார்கள். போவதில் தவறில்லை. ஆனால் பஸ்ஸில் குடி வாடை வரக்கூடாது என்று முந்தின நாளே நிறுத்திவிட்டு, வழியில் வலிப்பு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். குடித்த நிலையில் வந்தாலும் நாங்கள் பார்ப்போம். நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காப்பது சட்டப்படி எங்கள் கடமை.

சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மதுவோடு சேரும்போது கடும் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவை உண்டாக்கும் மருந்து அது. தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கு அது துணை. தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் குடிப்பவருக்கு உயிராபத்து. அன்பினால் செய்தாலும் செய்யாதீர்கள்.

ஆளை அமுக்கிப் பிடித்து வேனில் ஏற்றிப்போகும் இல்லங்களிலும் எச்சரிக்கையாக இருங்கள். மனநல மருத்துவர் தினமும் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்கலாமா, அரசுப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்குகிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் உங்கள் வீட்டு ஆளை விட்டுவிட்டு வராதீர்கள்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். கிளம்பத் தயக்கமாக இருந்தால் முதலில் தொலைபேசியில் பேசுங்கள்: போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. வரும்போது பழைய மருந்துச் சீட்டுகள், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரைகள், கூட இருந்து கவனிக்கக்கூடிய ஒருவர், கடைசியாக எப்போது எவ்வளவு குடித்தார் என்று எழுதிய ஒரு தாள் ஆகியவை போதும். பால் கணக்கு நோட்டின் பின்பக்கமாக இருந்தாலும் சரி.