வோல்ட்மீட்டர்: பேட்டரியோட அழுத்தத்தச் சொல்ற முள்ளுக்குத் தமிழ்ல என்ன பேரு?

எங்க மாமாகிட்ட ஒரு பழைய மகிந்திரா ஜீப் இருக்கு, போடிநாயக்கனூர்ல இருந்து மேல ஏலக்காத் தோட்டத்துக்கு ஏறி இறங்குறதுக்குன்னே வச்சிருக்காரு. அந்த வண்டி டேஷ்போர்டுல ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வட்ட மீட்டர், நடுவுல 0, இடது பக்கம் 30, வலது பக்கம் 30. வண்டில எல்லாரும் அத "பேட்டரி மீட்டர்"னுதான் சொல்லுவாங்க. ஆனா அது பேட்டரிய அளக்குறதே இல்ல, பேட்டரிக்குள்ள எவ்வளவு கரண்ட் போகுது, அதுல இருந்து எவ்வளவு வெளிய வருதுன்னு மட்டும்தான் காட்டும். அதோட சரியான பேரு அம்மீட்டர், ஆம்பியரையும் மீட்டரையும் சேத்துச் சுருக்குனது. போன வருசம் அத எடுத்துட்டு அதே கூட்டுக்குள்ள வோல்ட்மீட்டர் வச்சோம், அந்த வேலை நடந்தப்பதான் இந்த ரெண்டு சொல்லும் என் மண்டைக்குள்ள ஒழுங்காப் பிரிஞ்சுச்சு.

முதல்ல வோல்ட். இத்தாலில கோமோங்கற ஊர்ல 1745ல பிறந்த அலெசாண்ட்ரோ வோல்டாவோட பேருதான் அது, கடைசி எழுத்த மட்டும் வெட்டிட்டாங்க. துத்தநாகத் தகடு, வெள்ளி இல்லன்னா செம்புத் தகடு, நடுவுல உப்புத்தண்ணில நனைச்ச அட்டை, இப்படி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நிக்காம கரண்ட் தர்ற ஒரு பொருள அவர் செஞ்சாரு, அத 1800ல லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமா எழுதி அனுப்புனாரு. பிறகு 1881ல பாரிஸ்ல நடந்த மின்சார மாநாட்டுலதான் வோல்ட், ஆம்பியர் ரெண்டையும் அலகா ஏத்துக்கிட்டாங்க. ஆம்பியர் பிரான்ஸ்காரர் ஆந்த்ரே மரீ ஆம்பியரோட பேரு. மீட்டர்ங்கறது கிரேக்கத்துல அளவுன்னு அர்த்தம் வர்ற மெட்ரான்ங்கற சொல்லுல இருந்து வந்தது.

ஆக வோல்ட்ங்கறது ஒரு ஆளோட பேரு, அவ்வளவுதான், அந்தப் பொருள் என்னன்னு அந்தச் சொல்லுக்குள்ள எதுவுமே இல்ல. தமிழ்ல நாம வச்சிருக்குற சொல்லு அப்படி இல்லங்க. மின்னழுத்தம். மின் பிளஸ் அழுத்தம். தனிக்குறிலுக்கு அடுத்து மெய் நின்னு, அதுக்குப் பின்னாடி உயிர் வந்தா அந்த மெய் இரட்டிக்கும், அதனால மின்னழுத்தம், மின்னோட்டம். நிறைய பேரு "மின்அழுத்தம்"னு ஒட்டாம எழுதுறாங்க, சேத்து எழுதுறதுதான் சரி.

இந்த அழுத்தம்ங்கறது எவ்வளவு பொருத்தமான சொல்லுன்னு புரியணும்னா சைக்கிள நினைச்சுக்கோங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி டயர கட்டை விரலால அமுக்கிப் பாப்போம்ல, காத்து உள்ளயும் போகல வெளியயும் வரல, சும்மா நிக்குது, ஆனாலும் உள்ள எவ்வளவு இருக்குன்னு விரலுக்குத் தெரிஞ்சுரும். அதுதான் அழுத்தம். பம்பு அடிக்கும்போது உள்ள காத்து போற வேகம் இருக்கு பாருங்க, அது ஓட்டம். வோல்ட்மீட்டர் டயர அமுக்கிப் பாக்குற விரல் மாதிரி, அம்மீட்டர் பம்புக் குழாயில காத்து போறத எண்ணுற ஆள் மாதிரி. டயர் எந்த நிலைமைல இருக்குன்னு தெரிஞ்சுக்க நமக்கு விரல் போதும். ஜெர்மன்ல இதையே ஷ்பானுங்ன்னு சொல்றாங்க, பிரெஞ்சுல தான்சியோன், ரெண்டுமே இழுத்துக் கட்டுன விறைப்பு. நம்மூர் ஹைடென்ஷன் கம்பில இருக்குற டென்ஷனும் அதேதான், மனசு டென்ஷன் இல்ல. தமிழ்ல அந்தக் கம்பிய உயர் அழுத்த மின்கம்பின்னு சொல்றது எனக்கு இன்னும் தெளிவாப் படுது.

பேட்டரிக்கு வருவோம். பிரெஞ்சுல அடிக்கிறதுன்னு அர்த்தம் வர்ற ஒரு சொல்லுல இருந்து வந்து, வரிசையா நிறுத்தி வச்ச பீரங்கிக் கூட்டத்துக்குப் பேரா இருந்தது அது. மின்சாரத்தச் சேத்து வைக்கிற, ஈயத்தகடு ஒட்டுன கண்ணாடிப் பலகைகள வரிசையாச் சேத்துக் கட்டுனதுக்கு பெஞ்சமின் பிராங்க்ளின் 1749 வாக்குல அந்தப் பேர எடுத்து வச்சாரு. தமிழ்ல எல்லாரும் மின்கலம்னு எழுதுறோம். கலம்னா பாண்டம், கப்பலும் கலம்தான். ஆனா மின்கலம் ஒத்தை அறைக்குத்தான் பொருந்தும். பழைய மாடல் கார் பேட்டரி மேல டிஸ்டில்டு வாட்டர் ஊத்த ஆறு மூடி இருக்கும் பாருங்க, ஒவ்வொரு மூடிக்குக் கீழயும் ஒரு கலம், ஒரு கலத்துக்கு சுமார் 2.1 வோல்ட், ஆறும் சேந்து 12.6. அதனால முழு பேட்டரிக்கு மின்கல அடுக்குன்னு சொல்றதுதான் சரி. அடுக்குங்கறது வோல்டா செஞ்ச வேலையவே அப்படியே சொல்லுது, பிரெஞ்சுலயும் இத்தாலியன்லயும் சின்ன பேட்டரிய இன்னும் அடுக்குங்கற அர்த்தத்துலதான் கூப்பிடுறாங்க. பீரங்கிய விட இது எவ்வளவோ மேல்.

இப்ப மீட்டருக்கு. மின்னழுத்தமானின்னு உடனே சொல்லத் தோணும், வெப்பமானி மழைமானி மாதிரி. அங்கதான் ஒரு சிக்கல், நம்ம பிளஸ் டூ இயற்பியல்ல மின்னழுத்தமானிங்கறது வேற ஒரு கருவி, நீளமான கம்பிய பலகைல இழுத்துக் கட்டி, அது மேல தொடுசாவிய நகர்த்தி ரெண்டு மின்கலத்த ஒப்பிடுவாங்களே அந்த பொட்டென்ஷியோமீட்டர். வோல்ட்மீட்டர அந்தப் புத்தகம் வோல்ட்மீட்டர்னேதான் எழுதுது. இலங்கைப் பாடநூல்ல வோல்ற்றுமானி, அம்பியர்மானின்னு இருக்கும், குழப்பமே இல்ல. என்னையக் கேட்டா மின்னழுத்த அளவி, மின்னோட்ட அளவி ரெண்டும் நல்லாருக்கு. மின்னழுத்தமானிய மட்டும் இதுக்குப் போடாதீங்க, பரீட்சை எழுதுற பிள்ளைங்க குழம்பிருவாங்க.

டேஷ்போர்டையும் சொல்லிர்றேன், குதிரை வண்டில குளம்பு வாரி அடிக்கிற சேறு ஓட்டுறவர் மேல படாம முன்னாடி வச்ச பலகை அது, தமிழ்ல முகப்புப் பலகை.

சரி, அந்த அம்மீட்டர எதுக்கு மாத்துனோம்? ஜீப்புல கரண்ட் தயாரிக்க முதல்ல டைனமோ இருந்துச்சு, அத எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்தாங்க. செல்ப் இழுக்குற கரண்ட தவிர பேட்டரிக்குள்ள போற, அதுல இருந்து வர்ற கரண்ட் அத்தனையும் அந்த அம்மீட்டருக்குள்ள போய்த்தான் வரணும், அதோட வேலையே அதுதான், ஓட்டத்த அளக்கணும்னா ஓட்டம் அதுக்குள்ளயே ஓடணும். டைனமோ காலத்துல சரி. ஆனா 45 ஆம்பியர் தர்ற ஆல்டர்னேட்டரப் போட்டு, பேட்டரியும் இறங்கிப்போய் இருந்தா, 30க்குன்னு செஞ்ச மீட்டர் வழியா அதுக்கும் மேல போகும். ஒருநாள் ராத்திரி டேஷ்போர்டுக்குள்ள இருந்து கருகுன வாடை வருதுன்னு மாமா வயரிங் பாக்குற அண்ணன்கிட்ட விட்டாரு, நானும் கூடப் போனேன். அவர் அடில படுத்து டார்ச் அடிச்சு, "தம்பி இங்க வந்து பாருங்க"ன்னாரு. மீட்டருக்குப் பின்னாடி ரெண்டு போல்ட்டுல ஒண்ணோட நட்டு லூசு, அதுல மாட்டியிருந்த லக்கு, அதான் வயர் நுனில அடிக்கிற உலோக வளையம், நீலம் பாஞ்சு போயிருக்கு, சிவப்பு வயரு மேல இருந்த ரப்பர் காபிப்பொடி நிறத்துக்கு வந்து, விரல் பட்டதும் அப்பளமா நொறுங்குது. "இன்னும் ஒரு மாசம் ஓடியிருந்தா வண்டி எரிஞ்சிருக்கும்ணே"ன்னு மாமாகிட்ட நேராவே சொன்னாரு.

வோல்ட்மீட்டருக்கு இந்தப் பாரம் கிடையாது. அழுத்தத்த அளக்க ஓட்டம் அதுக்குள்ள போக வேண்டாம், பக்கவாட்டுல தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும், ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான் எடுக்கும்.

அம்மீட்டருக்கு வந்த ரெண்டு தடி வயரையும், கருகுன பகுதிய வெட்டிட்டு, புது லக்கு அடிச்சு ஒரே போல்ட்டுல சேத்து இறுக்கி மேல நல்லா இன்சுலேஷன் போட்டாரு. பேட்டரி ஒயர கழட்டிட்டுத்தான் இதுல கை வைக்கணும், அந்த வயருக்கு நிறைய வண்டில பியூஸே கிடையாது. அம்மீட்டரோட உள்பாகம் அப்படியே வோல்ட்மீட்டர் ஆகாது, தடித்த செப்புப் பட்டைல ஆம்பியர் கணக்குல ஓடுனாத்தான் அந்த முள்ளு அசையும், ரெசிஸ்டர், அதான் மின்தடை, போட்டு ஏமாத்த முடியாது. அதனால கூட்டையும் கண்ணாடியையும் வச்சுக்கிட்டு உள்ள ஒரு மில்லி ஆம்பியர்ல முழுசா சாயுற சின்ன மீட்டர வச்சோம். கூடவே வரிசைல 10 வோல்ட் ஜீனர் டயோடு ஒண்ணு, மீட்டரோட தடையும் சேத்து 5 கிலோ ஓம் வர்ற மாதிரி ரெசிஸ்டர். 10 வோல்ட் தாண்டுற வரைக்கும் ஜீனர் விடாது, அதுக்கு மேல ஒவ்வொரு வோல்ட்டுக்கும் முள்ளு அஞ்சுல ஒரு பங்கு நகரும், 15ல கடைசிக்குப் போயிரும். இது இல்லாம 0ல இருந்து 15 வரைக்கும் ஸ்கேல் போட்டா நமக்கு வேண்டிய 12க்கும் 14க்கும் இடைல முள்ளு நகர்றதே தெரியாது. சப்ளை இக்னிஷன் சாவி போட்டா வர்ற வயர்ல இருந்து, நடுவுல அரை ஆம்பியர் பியூஸ்.

மாட்டி முடிச்சு மல்டிமீட்டர பேட்டரி முனைலயே வச்சுப் பாத்தோம், பேட்டரில 12.6, டேஷ்போர்டுல 12.3. மீட்டர் தப்பு இல்ல, பழைய வயர், பழைய இக்னிஷன் சுவிட்சு, வழில கொஞ்சம் அழுத்தம் குறையுது, அந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கணும். இன்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.4க்குள்ள நிக்கணும், 13க்குக் கீழயே கிடந்தா சார்ஜ் ஏறல, 15அத் தொட்டா சார்ஜக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி தண்ணி கொதிச்சு வத்திரும். செல்ப் அடிக்கும்போது முள்ளு 10க்கு விழுந்து ஒட்டிக்கிட்டா பேட்டரியோட ஆயுசு முடியப் போகுது.

முகத்துக்கு புதுசா ஒரு ஸ்கேல் பிரிண்ட் எடுத்து ஒட்டுனோம், 13.5ல இருந்து 14.5 வரைக்கும் பச்சை, ரெண்டு ஓரமும் சிவப்பு. கீழ வோல்ட்ஸ்னு போடவான்னு கேட்டேன், மாமா "அதான் தமிழ்ல சொல்லு இருக்குன்னு ஒரு மணி நேரமா சொல்றியே மாப்ள, அதையே போடு"ன்னாரு. மின்னழுத்தம்னு சின்ன எழுத்துல போட்டோம். அன்னிக்கு ராத்திரி போடிமெட்டு ஏறும்போது ஹைபீம், வைப்பர் எல்லாம் போட்டிருக்கு, முள்ளு 13.7ல நின்னுச்சு, அந்த 17 கொண்டை ஊசி வளைவும் முடியிற வரைக்கும் பச்சைய விட்டு இறங்கவே இல்ல.