புதிதாக வந்த கார்ன் ஸ்நேக்கை முதல் வாரம் தொடாதீர்கள்

வாங்கி வந்த அன்றே இரை கொடுத்து, மறுநாள் வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேர் கைக்கும் மாற்றி, மூன்றாம் நாள் அது இரையைக் கக்கியதும் "நோயுள்ள பாம்பை விற்றுவிட்டார்கள்" என்ற கோபத்தோடு என்னிடம் கொண்டுவரப்படும் கார்ன் ஸ்நேக் குஞ்சுகளை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். இந்த வாரமும் ஒன்று வந்தது. பென்சில் பருமன்கூட இல்லாத உடல். கூடவே ஒரு பிளாஸ்டிக் உறையில், பாதி கரைந்து நாற்றமெடுத்த எலிக்குஞ்சு. மேசையில் விரித்திருந்த காகிதத்தின் மேல் பாம்பின் வால் நுனி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "எங்களைப் பார்த்தால் இப்படித்தான் வாலாட்டும் டாக்டர்" என்றார் அதை வளர்ப்பவர், பெருமையோடு. அது வாலாட்டல் அல்ல. கார்ன் ஸ்நேக் பயத்தின் உச்சியில் இருக்கும்போது எதிரியை விரட்டுவதற்காக வாலை அப்படி அதிர வைக்கும்.

"தினமும் கையில் எடுத்தால்தான் பழகும்" என்ற நம்பிக்கைதான் என்னிடம் வரும் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நாயும் பூனையும் நம்முடைய குரலையும் தொடுதலையும் துணையாக ஏற்றுக்கொள்ளக்கூடியவை, பாம்பு அப்படியல்ல. கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த, நஞ்சில்லாத பாம்பு. அங்கே மரப்பட்டைகளுக்கு அடியிலும் வளைகளிலும் பகலைக் கழித்துவிட்டு, பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் வெளியே வரும். பருந்து முதல் பெரிய பாம்புகள்வரை அதைப் பிடித்துத் தின்னப் பல விலங்குகள் உண்டு. மேலிருந்து ஒரு பெரிய உருவம் இறங்கித் தூக்குகிறதென்றால் அதற்கு ஒரே பொருள்தான். அந்த உருவம் அன்பானது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. திரும்பத் திரும்பத் தூக்கியும் தீங்கு நேரவில்லை என்ற அனுபவம் சேர்ந்தால் பயம் மெல்லக் குறையும். நாம் 'பழக்கம்' என்று சொல்வது இதைத்தான். ஆனால் ஒளிந்துகொள்ளும் இடம் எது, சூடு எங்கே கிடைக்கும், தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதே இன்னும் தெரியாத நிலையில் இருக்கும் உயிருக்கு அந்த அனுபவம் சேராது, பயம் மட்டுமே சேரும்.

"ஆனால் கையில் எடுத்தால் அசையாமல் சமர்த்தாக இருக்கிறதே" என்று உடனே கேட்பார்கள். புதிய பாம்பு கையில் அசையாமல் கிடப்பது பெரும்பாலும் பயத்தில் உறைந்திருப்பதுதான்; சில நேரங்களில் உடல் குளிர்ந்து போயிருப்பதும் காரணம். பழகிய கார்ன் ஸ்நேக் அவசரமின்றி நாக்கை நீட்டி முகர்ந்தபடி விரல்களுக்கிடையே ஊர்ந்து செல்லும். சமர்த்தாகக் கிடப்பதை நம்பிப் படம் எடுத்து மகிழாதீர்கள்.

ஆகவே முதல் 7 நாட்களுக்குத் தண்ணீர் மாற்றுவதற்கும், கழிவு தெரிந்தால் எடுப்பதற்கும் தவிர வேறெதற்கும் கூட்டுக்குள் கையை விட வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்று பார்க்க மறைவிடத்தைத் தூக்கிப் பார்ப்பதும் தொந்தரவுதான். நாள் முழுவதும் கண்ணில் படவில்லை என்றால், எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள்.

கூடு, பாம்பு வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்; பாம்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கூட்டுக்குச் சூடு தரும் மின்விரிப்பான ஹீட் மேட்டைத் தேடி ஓடுகிறவர்களை என்ன சொல்வது? ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 24 டிகிரி என்ற அளவில் வெப்பம் இருக்கட்டும். மறைவிடம் இரண்டு வேண்டும், ஒன்று சூடான பக்கத்தில், மற்றொன்று குளிர்ந்த பக்கத்தில். ஒன்றே ஒன்றை வைத்தால், பாதுகாப்பா வெப்பமா என்று பாம்பைத் தேர்வு செய்ய வைக்கிறீர்கள். அது பாதுகாப்பையே தேர்ந்தெடுத்து, இரை செரிக்காத குளிரிலோ தாங்க முடியாத சூட்டிலோ கிடக்கும். சுருண்டு படுத்தால் உடல் சுவர்களைத் தொடும் அளவுக்கு மறைவிடம் இறுக்கமாக இருப்பது நல்லது. பெரிய கண்ணாடித் தொட்டிதான் இருக்கிறது என்றால் மூன்று பக்கங்களை வெளியிலிருந்து காகிதத்தால் மூடி, உள்ளே செயற்கை இலைகளையும் கிளைகளையும் நிறைத்துவிடுங்கள். மூடிக்குத் தாழ் கட்டாயம். தலை நுழையும் இடைவெளி போதும், குஞ்சு வெளியே போய்விடும்.

ஹீட் மேட்டை, அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. கட்டுப்பாடில்லாத மேட் 40 டிகிரியையும் தாண்டக்கூடும். பாம்பு அதன் மேலேயே படுத்திருந்து வயிற்றுச் செதில்களைச் சுட்டுக்கொள்ளும், நீங்களோ அடுத்த சட்டை உரிப்பின்போதுதான் அதைக் கவனிப்பீர்கள். சூடேறும் செயற்கைக் கல்லை வாங்கவே வேண்டாம். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி காற்றின் வெப்பத்தைத் தோராயமாகத்தான் காட்டும். மறைவிடத்தின் தரையில் உணரியை வைக்கும் டிஜிட்டல் வெப்பமானியை வாங்குங்கள். தரையில் பைன், தேவதாரு மரச்சீவல் போடாதீர்கள். முதல் மாதம் வெறும் காகிதத் துவாலையே சிறந்தது. கழிவு, ரத்தம், கரும்புள்ளியாக நகரும் உண்ணி என எதுவும் அதன் மேல் மறையாது.

அடுத்து இரை. எட்டாம் நாள் வாக்கில், பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் அளவுக்கு, அதிகம் போனால் ஒன்றரை மடங்குக்கு மேற்படாத இரையை, உறைய வைத்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மெல்ல இளக்கி, பிறகு உறையோடு வெந்நீரில் வைத்துச் சூடேற்றிக் கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். மாலையில், மறைவிடத்தின் வாசலில், இடுக்கியால் வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறுங்கள். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். அந்தக் காயங்களைத் தைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கூட்டிலேயே இரை கொடுத்தால் கையைக் கடிக்கும் என்று பயந்து தனிப் பெட்டிக்கு மாற்றி ஊட்டுவதும் வேண்டாத வேலை. தின்றதும் தூக்கி இடம் மாற்றுவதால் கக்குவதுதான் மிச்சம்.

முதல் முறை தின்னவில்லை என்றால் பதறாதீர்கள். இரையை எடுத்துவிட்டு 5 முதல் 7 நாட்கள் கழித்து மறுபடி வையுங்கள். நலமான கார்ன் ஸ்நேக் சில வாரங்கள் இரை எடுக்காமல் தாங்கும். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பாய்ந்து மங்கலாகும் நாட்களில் பல பாம்புகள் தின்பதே இல்லை. தயவுசெய்து வாயைத் திறந்து திணிக்காதீர்கள். அது மருத்துவரின் கடைசி வழி. வாரம் ஒரு முறை, கூடிய மட்டும் சிறிய பெட்டியோடு, கிராம் காட்டும் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள்.

கக்கிவிட்டால், பசிக்குமே என்று மறுநாளே இன்னொரு எலியைக் கொடுப்பதுதான் எல்லாரும் செய்வது. இப்படி வரும் இரண்டாவது கக்கல் குஞ்சின் உயிரையே பறிக்கக்கூடும். அமிலத்தால் புண்பட்ட உணவுக்குழாய் ஆற வேண்டும். தண்ணீர் மட்டும் வைத்து 10 முதல் 14 நாட்கள் காத்திருந்து, வெப்பநிலையைச் சரிபார்த்து, வழக்கமானதில் பாதி அளவு இரையைக் கொடுங்கள்.

இரண்டு இரைகளை ஒழுங்காகத் தின்று செரித்த பிறகுதான் கையில் எடுக்கும் பேச்சு. முதலில் 5 நிமிடம், அதுவும் தின்று 48 மணி நேரம் கழித்து. மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய், உடலின் நடுப்பகுதியைத் தாங்கி எடுங்கள். எடுக்கும் முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கும் என்பதால், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே பாம்பு இருந்தால் புதியதை 60 முதல் 90 நாட்கள் வேறு அறையில் வையுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, இரண்டாம் முறை கக்குவது, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது, கண்ணைச் சுற்றி உண்ணி: இவற்றில் ஏதேனும் தெரிந்தால் காத்திருக்காமல், ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் செல்லுங்கள். பாம்பை வாய் கட்டிய துணிப்பையில் இட்டு, அதைக் காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள். கூடவே கழிவின் மாதிரியும், எடையும் வெப்பநிலையும் குறித்த தாளும் வேண்டும்; கூட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்தால், பாதிக் கேள்விகளை நான் கேட்கவே தேவையிருக்காது.