படகு ஜிபிஎஸ் பாதி, ஃபாஸ்டேக் பாதி

பாம்பனில் நண்டு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போகும் மீன் வண்டி ஒன்றில் ஒருமுறை தொற்றிக்கொண்டு போனேன். ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து கண்ணாடியில் இருந்த ஃபாஸ்டேக் உரிந்துவிட்டது. டிரைவர் அதை டாஷ்போர்டில் போட்டு வைத்திருந்தார். ஒரு டோல்கேட்டில் அதைக் கையில் பொத்திப் பிடித்து நீட்டினார். கம்பி எழவில்லை. பின்னால் ஹாரன், கீழே சொட்டுச் சொட்டாக ஐஸ் தண்ணீர். "கண்ணாடியோட ஒட்டவச்சுப் பிடிங்கண்ணே, கையை எடுங்க" என்றேன். எழுந்தது.

மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. ஒரு சில்லும் மெல்லிய ஆன்டெனாவும்தான். மேலே தொங்கும் கருவி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையை வீச, அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து விழிக்கும் சில், தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கையால் பொத்தினால் உடம்பில் உள்ள நீர் அலையை விழுங்கிவிடும். எண்ணைத் தவிர அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கணக்கில் பணம் இருக்கிறதா, வண்டி எங்கிருந்து வருகிறது, எதுவும் தெரியாது.

கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே ஸ்டிக்கர் வேலை செய்கிறது. நாடு விட்டு நாடு போனால்? போலந்தில் சரக்கு ஏற்றி, ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தாண்டி இத்தாலிக்குப் போகும் லாரி, ஒரே பெட்டியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறது. அந்தப் பெட்டியில் பாதிதான் ஃபாஸ்டேக் மாதிரி. மீதிப் பாதியைப் பார்க்க மண்டபம் ஜெட்டிக்குப் போக வேண்டும்.

அங்கே விசைப்படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியில் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் கடல் எல்லைக் கோடு பதிந்திருக்கும். கடலில் வேலியும் இல்லை, கல்லும் இல்லை; கோடு கருவிக்குள்தான் இருக்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்து சேரும் நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. கோட்டை நெருங்கினால் கத்துகிறது.

ஜெர்மனி 2005 ஜனவரி 1 முதல் லாரிகளிடம் சுங்கம் வாங்குவது இப்படித்தான். டோல்கேட்டே கிடையாது. சாலைகளைத் துண்டு துண்டாக நறுக்கிய வரைபடம் கணினியில் இருக்கிறது. லாரி எந்தத் துண்டைத் தாண்டியது என்பது செல்போன் வலை வழியாகப் போய்ச் சேரும். தூரத்தோடு எடை, சக்கர அச்சுகளின் எண்ணிக்கை, புகை வகை எல்லாம் சேர்ந்து கட்டணம் ஆகும். முதலில் 12 டன்னும் அதற்கு மேலும் உள்ள லாரிகளுக்கு மட்டும் இருந்தது, 2024 ஜூலை முதல் 3.5 டன்னைத் தாண்டிய சரக்கு வண்டிகளுக்கும் வந்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போது போனில் மேப்பைத் திறந்தால் நீலப் புள்ளி சில நேரம் கடலுக்குள் இறங்கி நடக்கும். சில நேரம் பக்கத்து ரயில் பாலத்தில் ஏறிக்கொள்ளும். சில மீட்டர் பிசகுதான். நமக்கு அது வேடிக்கை. நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் இலவசச் சாலையில் போகிற லாரிக்கோ அது காசு. அதனால் ஒரு புள்ளியை மட்டும் நம்பாமல், அடுத்தடுத்த பல புள்ளிகள், போகும் திசை, எந்தச் சாலையிலிருந்து எதற்குத் திரும்ப முடியும் என்பதையெல்லாம் கோத்துப் பார்த்தே சாலையை முடிவு செய்கிறார்கள்.

ஆஸ்திரியா 2004-இல் வேறு வழிக்குப் போனது: சாலைக்கு மேல் வளைவுகள், 5.8 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை. ஃபாஸ்டேக்குக்குச் சற்றே வசதியான அண்ணன் என்று வையுங்கள், உள்ளே பேட்டரி உண்டு. நாட்டுக்கு ஒரு முறை, முறைக்கு ஒரு பெட்டி என்று லாரிகளின் கண்ணாடி ஓரம் பெட்டிக்கடை ஆனது. ஒரே பெட்டி போதும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004-லேயே சட்டம் போட்டும், இழுத்து இழுத்து, 2019-இல் அதைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

பெட்டி செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. செயற்கைக்கோளும் நுண்ணலையும் ஒன்றாக அடைத்து, எல்லைக் கோடு தாண்டியதும் முறையை மாற்றிக்கொள் என்றால் முடிந்தது. கஷ்டம் பற்றுவரவில். ஆஸ்திரியச் சாலைக்காரர் போலந்து லாரி முதலாளியை எங்கே போய்த் தேடுவார்? நடுவில் ஒரு சேவை நிறுவனம் உட்காருகிறது. கட்டணத்தை அந்தந்த நாடே நிர்ணயிக்கும். சேவை நிறுவனம் எல்லா நாட்டுக்கும் கட்டிவிட்டு, முதலாளியிடம் ஒரே பில்லாக வசூலிக்கும். நம் ஊருக்கு இது புதிதா என்ன? 1964 புயல் தனுஷ்கோடியைத் தின்னும்வரை, சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போனார்கள். காசு யாருக்கு எவ்வளவு என்பது பயணியின் கவலையாக இருக்கவில்லை.

ஃபாஸ்டேக்கிலும் இதே ஏற்பாடுதான். டேக் கொடுத்த வங்கி ஒரு பக்கம், டோல்கேட்டின் வங்கி மறுபக்கம், இடையில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம். ஒவ்வொரு வண்டிக்கும் வங்கியைக் கேட்டுக்கொண்டிருந்தால் வரிசை பரமக்குடி வரை நிற்கும். ஆகவே பணமில்லாத, முடக்கப்பட்ட டேக்குகளின் பட்டியல் முன்கூட்டியே கேட்டுக்கு வந்துவிடுகிறது. அதில் உங்கள் எண் இல்லையென்றால் கம்பி எழும். பணம் பிறகுதான் கழியும்.

எங்கள் டிரைவர் அடுத்த ஊர் டீக்கடையில் கிளாஸைக் கையில் எடுத்தபோதுதான் மெசேஜ் வந்தது. "இப்பத்தான் எடுக்குறான் பாருங்க" என்று போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.