தண்ணி லாரிக்கு இடது பக்கம் தெரிகிற அந்த இடைவெளி

சென்னை ரேடியல் ரோட்டு சிக்னலில் சிவப்பு விழுந்ததும் முன்வரிசையில் ஒரு தண்ணி லாரி வந்து நிற்கிறது. அதற்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் நாலடி இடம் காலியாக இருக்கும். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு, மூன்று ஸ்கூட்டர்கள் அதில் நுழைந்துவிடும். அவர்களில் யாரும் வேகமாக ஓட்டவில்லை, குடிக்கவில்லை, ஹெல்மெட்டும் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்த நிமிடத்தில் அந்த ரோட்டிலேயே ஆபத்தான இடத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

ஆபத்தாக ஓட்டுவது என்றாலே நமக்கு ராத்திரி பைக் ரேஸும் குடிபோதையும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தத் தப்பைச் செய்கிறவருக்கு அது தப்பு என்று தெரியும். இங்கே சொல்லப்போவது வேறு வகை. தினமும் ஆபீஸ் போகிற, பிள்ளையைப் பள்ளியில் விடுகிற, தன்னை நிதானமான டிரைவர் என்று நம்புகிற ஆளின் பழக்கங்கள். எல்லாவற்றிலும் ஒரே கோளாறுதான்: பக்கத்தில் இருப்பவர் நம்மைப் பார்க்கவோ, பார்த்துப் பிரேக் போடவோ நேரம் கிடைக்காத இடத்தில் நாமே போய் நிற்கிறோம்.

முதலில் அந்த லாரி. டிரைவர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல். இடது கதவுக்குக் கீழே, கதவை ஒட்டிய பகுதி அவர் கண்ணுக்கு எட்டாது. இடது பக்கக் கண்ணாடியில் வண்டியின் ஓரமாக ஒரு குறுகிய பட்டை மட்டும் தெரியும். பம்பரை ஒட்டி முன்னால் நிற்கிற ஸ்கூட்டரும் அப்படித்தான், உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. கிளீனர் இருந்தால் எட்டிப் பார்த்துச் சொல்வார். பல லாரிகளில் இப்போது கிளீனர் கிடையாது.

பார்வையைவிட மோசமானது திருப்பம். நீளமான வண்டி இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் ஓடுகிற 40 அடி கன்டெய்னர் டிரெய்லரில் இது பல அடி வரும். அதனால் டிரைவர் முதலில் வண்டியை வலது பக்கம் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு பிறகுதான் இடது பக்கம் ஒடிப்பார். அந்த முதல் இரண்டு நொடியில் இடது பக்கத்து இடைவெளி பெரிதாகும். பின்னால் இருப்பவருக்கு 'லாரி நமக்கு வழி விடுகிறது' என்று தோன்றும். உள்ளே போவார். அதற்குள் அந்த இடம் மூட ஆரம்பிக்கும். முன் பக்கம் தள்ளிப் போய்விட்டதே என்று அவர் நிம்மதியாகும் நேரத்தில் பின் சக்கரம் பிளாட்பாரம் வரைக்கும் வந்து நிற்கும்.

இன்டிகேட்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். டிரெய்லரின் பின் விளக்கு சேற்றில் மறைந்திருக்கும், இல்லை எரியாது. பார்க்க வேண்டியது முன் சக்கரத்தை. சக்கரம் ஒடிந்திருந்தால் வண்டி திரும்பப்போகிறது.

கடைப்பிடிக்க ஒரே கணக்கு: லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் அவர் உங்களைப் பார்க்க வாய்ப்பு உண்டு. தெரியாவிட்டால் நீங்கள் அவருக்கு இல்லை. சிக்னலில் பின்னாலேயே நில்லுங்கள். ஓடும்போது கடக்க வேண்டுமானால் வலது பக்கமாக, முன்னால் ரோடு காலியாக இருக்கும்போது, பக்கவாட்டில் ஒட்டி ஓடிக்கொண்டிருக்காமல் ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள். ஏற்கெனவே இடது பக்கம் மாட்டிக்கொண்டீர்கள், லாரியும் நகர ஆரம்பித்துவிட்டதென்றால் முறுக்கித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அதில்தான் பலர் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே விழுகிறார்கள். பிரேக் போட்டு நின்று, ஹாரனை விடாமல் அழுத்தி, லாரியை முன்னே போக விடுங்கள். இடம் நெருங்கினால் வண்டியை அப்படியே போட்டுவிட்டு பிளாட்பாரத்தில் ஏறுங்கள். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

மாநகர பஸ்ஸுக்கும் இதே கதைதான், ஒரு சிக்கல் கூடுதலாக. ஸ்டாப்பிங்கில் பஸ் ஓரமாக ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால் அந்தச் சந்தில் நுழைகிறவர்கள் படியிலிருந்து இறங்குகிறவர் மீது நேராக மோதுவார்கள். வலது பக்கமாகக் கடந்தாலும் பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து ஒருவர் ரோட்டைக் கடக்க ஓடி வருவார் என்று வைத்துக்கொண்டே போக வேண்டும்.

அடுத்தது, முன்வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது. கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய 1.5 நொடி ஆகிறது. அதுவரை வண்டி அதே வேகத்தில்தான் ஓடும். காய்ந்த தார் ரோட்டில், நல்ல டயரோடு, 40 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி முழுதாக நிற்க 29 மீட்டர் வேண்டும். 60-ல் போனால் 53 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ஈர ரோட்டில் அதே 60-க்கு 70 மீட்டரைத் தாண்டும். நம்ம ஊரில் 60-ல் போகிற இரண்டு கார்களுக்கு நடுவில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்று மதுரவாயல் பைபாஸில் ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.

மீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது. நொடியை எண்ணலாம். முன்வண்டி ஒரு மெட்ரோ தூணைக் கடக்கும்போது 'நூற்றியொன்று, நூற்றிரண்டு, நூற்றிமூன்று' என்று நிதானமாக எண்ணுங்கள். மூன்று முடிவதற்கு முன்னால் நீங்கள் அந்தத் தூணைத் தாண்டினால் நெருக்கமாகப் போகிறீர்கள். மழையில் ஐந்து.

'இடம் விட்டால் இன்னொருத்தன் நுழைவான்' என்பார்கள். நுழையட்டும். நுழைகிற ஒவ்வொரு வண்டியும் உங்களுக்கு இரண்டு, மூன்று நொடி தாமதம். கிண்டியிலிருந்து தாம்பரம் போவதற்குள் இருபது பேர் நுழைந்தாலும் மொத்தமாக ஒரு நிமிடம், ஒரு சிக்னலில் நிற்கிற நேரம்.

ராத்திரியில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. ஹெட்லைட்டைத் தாழ்த்திய டிப் வெளிச்சம் உருப்படியாகக் காட்டுவது 40 மீட்டர் சொச்சம். நிற்க வேண்டியதோ 53. அதாவது விளக்கில்லாத ரோட்டில் 60-ல் போகிறவர், பின் விளக்கு இல்லாமல் ஓரமாக நிற்கிற லாரியைப் பார்க்கும்போதே காலம் கடந்துவிட்டது. எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி. விளக்கு எரியாத இடத்தில் 45-ஐத் தாண்டாமல் போங்கள், இடது ஓர லேனை விட்டு ஒரு லேன் தள்ளி ஓட்டுங்கள். எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போடலாம். வந்ததும் இறக்கிவிட வேண்டும். எதிராளி இறக்கவில்லை என்று நீங்களும் ஏற்றி வைத்தால், கண் கூசிப்போன ஓர் ஆள் உங்களை நோக்கி வருகிறார் என்று அர்த்தம்.

சென்னைப் போக்குவரத்து போலீஸ் 2023 நவம்பரில் வேக வரம்பை மாற்றியது: கார் 60, பைக் 50, கனரக வாகனம் 50, ஆட்டோ 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. அந்த 30 பலருக்குத் தெரியவே தெரியாது.

இனி ராங் சைடு. ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) யூ டர்ன் தூரமாக இருக்கிறது என்பது உண்மை; மெட்ரோ வேலைக்கு பேரிகேட் வைத்ததும் இன்னும் தூரமானது. அதனால் 'இங்கேதானே, இருநூறு மீட்டர்' என்று ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார்கள். ஓரமாக வந்தால் ஆபத்து குறைவு என்கிற நினைப்புதான் இதில் பெரிய பிழை. இடது பக்கச் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிறவர் வலது பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார், ஏனென்றால் வண்டி வர வேண்டியது அங்கிருந்துதான். ராங் சைடில் வருகிறவர் அவர் பார்க்காத இடது தோளுக்குப் பக்கத்தில் வந்து சேருகிறார். நேருக்கு நேர் என்றால் இருவரும் 40-ல் வந்தாலும் 80-ல் நெருங்குகிறார்கள். ஒரு நொடிக்கு 22 மீட்டர். அவசரமென்றால் இன்ஜினை அணைத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். சந்திலிருந்து ஏறுகிறவர்களுக்கு: நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் இடது பக்கமும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். இங்கே அது தேவைப்படுகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, ஆபத்தாக ஓட்டுவதற்கு உள்ள பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு சிக்னல் தாண்டுவது, கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது எல்லாம் பெயர் சொல்லியே அதில் வருகின்றன. முதல் தடவைக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை கையில் சாவியைக் கொடுத்து அந்தப் பிள்ளை வண்டிச் சட்டத்தை மீறினால், விபத்தே ஆகாவிட்டாலும், 199ஏ பிரிவில் பெற்றோருக்கே மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். டியூஷனுக்குப் பக்கத்துத் தெருவுக்குத்தான் என்பது அங்கே செல்லாது.

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் இருசக்கர வண்டிக்குத் தனிப் பாடம். அடைமழையைவிடத் தூறலின் முதல் அரை மணி நேரம் வழுக்கும். வெயில் காலம் முழுக்க ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து குழம்பாகி நிற்கும். நல்ல மழை அடித்துக் கழுவினால்தான் போகும். மெட்ரோ பள்ளத்தின் மேல் போட்டிருக்கிற இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி, ஜீப்ரா கோட்டுப் பெயின்ட் ஆகிய மூன்றின் மேலும் பிரேக் போடக் கூடாது, சாய்க்கவும் கூடாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஹேண்டிலை நேராக வைத்து உருளவிட வேண்டும்.

முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடிக்கும் என்று நம் ஊரில் ஒரு பயம் தலைமுறையாக ஓடுகிறது. பிரேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது, அதனால் நிறுத்துகிற சக்தியில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக் மட்டும் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும், பின் சக்கரம் பூட்டி வண்டி வாலை ஆட்டும். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் லீவரை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல ஒரு நொடி எடுத்து இறுக்குங்கள். தூக்கி அடிப்பது ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும், மணல் மேலும், வெடுக்கென்று பிடிக்கும்போதும்தான். காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை பழகினால் கைக்கு வந்துவிடும். 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில் ஒரு லீவர் பிடித்தாலே இரண்டு சக்கரமும் பிடிக்கிற ஏற்பாடு இருக்கும், அதற்கு மேல், சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ். டயர் வழவழப்பாகிவிட்டால் இரண்டும் காப்பாற்றாது.

தேங்கிய தண்ணீரில் ஓரமாகப் போகாதீர்கள், திறந்த வடிகால் அங்கேதான் இருக்கும். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக இரண்டு, மூன்று தடவை பிடித்து உலர்த்துங்கள். டிரம் பிரேக் நனைந்தால் முதல் பிடியில் வேலை செய்யாது. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் கார்க்காரர்கள் ஆழம் பார்க்க வேண்டாம். இரண்டடித் தண்ணீரில் கார் மிதக்க ஆரம்பிக்கும்.

மற்றவை சுருக்கமாக. 50-ல் போகும்போது போனை இரண்டு நொடி பார்த்தால் 28 மீட்டர், இரண்டு மாநகர பஸ்ஸின் நீளத்துக்கும் மேல், கண்ணை மூடி ஓட்டியதற்குச் சமம். ஹெல்மெட்டுக்குள் செருகினாலும் கவனம் போவது போவதுதான். நேராகப் போவதற்கு நாலு இன்டிகேட்டரையும் சேர்த்துப் போடாதீர்கள், ஒரு பக்கம் மறைந்தால் திரும்புகிறீர்கள் என்று ஆகிவிடும். கார்க் கதவை டிரைவர் இடது கையால் திறக்க வேண்டும். உடம்பு தானாகப் பின்னால் திரும்பும், வருகிற பைக் தெரியும். ஸ்கூட்டரில் முன்னால் குழந்தையை நிற்க வைப்பதை விடுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டுகிற பட்டையும் ஹெல்மெட்டும் 2023 பிப்ரவரியிலிருந்து கட்டாயம், வேகம் 40-க்குள். ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதாக இருக்கட்டும், பட்டை தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். பூட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்னால் தரைக்குப் போய்விடும்.

கண்ணெதிரே விபத்து நடந்தால், முதலில் வண்டி வருகிற திசையில் ஐம்பது மீட்டர் முன்னால் ஒருவரை நிறுத்திக் கையைக் காட்டச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த வண்டி உதவி செய்கிறவர்கள் மேல் ஏறும். 108-க்குச் சொல்லும்போது கடைப்பெயர், மெட்ரோ தூண் எண், எந்தப் பக்கத்து ரோடு என்று சேர்த்துச் சொல்லுங்கள். அடிபட்டவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே தண்டுவடத்தைச் சேதப்படுத்தலாம். முகக் கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். ரத்தம் கொட்டுகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். உதவி செய்தவர் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது, 134ஏ பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. 2021-ல் வந்த, தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நிர்ணயித்த வரம்பு வரை காசு வாங்க மாட்டார்கள். அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இது பொருந்தும்.