கம்பஸ் கிடைச்சிட்டுது, தேத்தண்ணி போடத் தெரியாது

பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு அன்றாட வேலைகளைப் பழக்கிறதுதான் என்ர வேலை. போன வருசம் ஒரு பிள்ளை தாயோட என்னட்ட வந்திச்சு, 19 வயசு, பிறவியிலயே பார்வை இல்ல. ஏஎல் நல்லாச் செய்து கம்பஸ் கிடைச்சிருக்கு. பிரெய்ல் வாசிச்சா விரல் பறக்கும், போன்ல திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்லுற டோக்பேக்கை வைச்சிருக்கிற ஸ்பீடில எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல. ஹொஸ்டல்ல இருக்கப்போகுது, என்னென்ன பழக்கவேணும் எண்டு கேட்டாங்க. "மகள் தேத்தண்ணி போடுவீங்களா?" எண்டு பிள்ளையைத்தான் கேட்டன், தாய் முந்திக்கொண்டு "ஐயோ மிஸ், அடுப்படிப் பக்கமே விட்டதில்ல" எண்டா. சோறு போட்டுக் குடுக்கிறது, மீன்ல முள்ளெடுக்கிறது, உடுப்பு எடுத்து வைக்கிறது எல்லாம் அவதான்.

இது பாசம்தான், நான் பிழை சொல்லேல்ல. ஆனா திருகோணமலையில நான் பார்க்கிற வீடுகள்ல முக்கால்வாசி இப்பிடித்தான், ஓஎல், டியூசன், ஏஎல் எண்டு ஓடி முடிய பிள்ளைக்குத் தன்ர சட்டையில எது முன்பக்கம் எண்டும் தெரியாது. 12, 13 வயசில தொடங்கியிருந்தா எவ்வளவு லேசா வந்திருக்கும்.

தேத்தண்ணியில இருந்துதான் நான் எப்பவும் தொடங்கிறது. முதல் கிழமை பச்சைத்தண்ணி மட்டும், கோப்பையை ஒரு தட்டத்துக்குள்ள வைச்சு. கேத்தல் மூக்கைக் கோப்பை விளிம்பில முட்ட வைச்சு ஊத்தவேணும், நிரம்ப நிரம்பச் சத்தம் கீச்சாகிக்கொண்டு வரும், அதைக் காது பிடிக்கவேணும். பச்சைத்தண்ணி எண்டா விரல் நுனியை விளிம்புக்கு உள்ளுக்க விட்டும் பார்க்கலாம், சுடுதண்ணிக்கு அந்த வேலை வேணாம், ஒரு கப் தண்ணியை முதலே அளந்து கேத்தல்ல விட்டா வழியவே வழியாது. சீனி டின்னுக்கு ஒரு ரப்பர் பேண்ட், உப்புக்கு ஒண்டும் இல்ல. அந்த டின்னை இடம் மாத்தக்கூடாது எண்ட பாடம் பிள்ளைக்கில்ல, வீட்டில மற்ற ஆக்களுக்கு.

ஊத்துப்படும், கோப்பை உடையும். அந்த நேரம் அம்மா குசினிக்குள்ள நிக்கக்கூடாது, நிண்டா கை தானாப் போயிடும்.

மீன் முள்ளுக்கும் ஆக்கள் சும்மா பயப்படுறாங்க. கரண்டியில சாப்பிடுற ஆக்களை விட நாங்க கொடுத்துவைச்ச ஆக்கள், கையாலதானே சாப்பிடுறம், முள்ளை விரலே கண்டுபிடிச்சிடும். சூரை மாதிரி பெரிய துண்டில தொடங்கி, பிறகு பிறகு சின்ன மீனுக்குப் போகலாம், சாளையை எடுத்த உடன குடுத்திடாதீங்க.

காசும் அப்பிடித்தான், பழகினா வரும். 2011ல இருந்து வாற தாள்கள் அகலம் ஒண்டு, பெறுமதி கூடக் கூட நீளம் கூடும். ஆனா கடைக்காரன் காத்துக்கொண்டு நிக்கேக்க ஆர் நீளம் பார்க்கிறது? வீட்டிலயே மடிச்சு வைக்கிறது லேசு, 100 மடிக்காம, 500 ரெண்டா, 1000 மூண்டா.

நடக்கிறது வேற கதை. வெள்ளைப் பிரம்பு நெஞ்சுக்குழி உயரத்துக்கு இருக்கவேணும், இடது கால் முன்னுக்குப் போகேக்க பிரம்பு வலப்பக்கம் போய்த் தட்டும், அடுத்த அடி வைக்கிற இடத்தை முதலே பார்த்து வைக்கிற மாதிரி. எங்கட ஊர்ல திசைக்குக் கடல் இருக்கு, மாரியில டச் பே பக்கம் நல்லா இரையும், பிள்ளைகள் அதை வைச்சே ரோட் பிடிப்பாங்க. கச்சான் காத்து தொடங்க கடல் அடங்கிப்போய், நேற்றுவரைக்கும் தெரிஞ்ச ரோட் இண்டைக்குக் குழம்பிடும், அதால ரெண்டு காலத்திலயும் பழக்கவேணும். பிறகு பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ள போகேக்க மான் குறுக்க படுத்திருக்கும், அதுக்கு ஒரு புத்தகத்திலயும் பாடம் இல்ல.

கொஞ்சம் பார்வை இருக்கிற பிள்ளைகள் படுற பாடு இன்னும் கூட. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா எண்ட கண் வருத்தம் இருக்கிற ஒரு பெடியன் எனக்குத் தெரியும், நேர பார்த்து பேப்பர் வாசிப்பான், பக்கத்தில கிடக்கிற கதிரையில அடிபடுவான், பொழுதுபட்டா ஒண்டும் தெரியாது. சனம் நடிக்கிறான் எண்டு சொல்லுது, அவனும் அதுக்கு வெக்கப்பட்டு பிரம்பை பேக்குக்குள்ள மடிச்சு வைச்சிட்டுத்தான் போவான். நான் கட்டாயப்படுத்தேல்ல, இருட்டினாப் பிறகு மட்டும் எடு எண்டன், இப்ப எடுக்கிறான். இந்தப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சாப்பாட்டுக் கோப்பையில வெள்ளைச் சோத்தைப் போடாதீங்க, கடும் நிறச் சாப்பாட்டுக் கோப்பை ஒண்டு வாங்குங்க, பாதிப் பிரச்சினை அதோட போயிடும்.

கம்பஸ் பிள்ளையிட அம்மா ரெண்டு மாசத்தால கோல் எடுத்தா. தேத்தண்ணி உப்புக் கரிச்சுதாம். சீனி டின்ல இருந்த ரப்பர் பேண்டைத் தம்பிக்காரன் விளையாடக் கழட்டிக்கொண்டு போய், உப்பு டின்ல கொழுவி வைச்சிருக்கிறான். அக்காக்காரி குசினிக்குள்ள நிண்டு அவனுக்கு நல்ல ஏச்சாம்.