தன்னுந்து பீரங்கி: ‘தானியங்கி’ என்று எழுதலாமா?

இந்தியத் தரைப்படையின் கே9 வஜ்ரா பீரங்கி வண்டியைப் பற்றிய செய்திகளில் ‘தானியங்கி பீரங்கி’ என்ற சொல் தென்படுகிறது. படிப்பவருக்கு என்ன தோன்றும்? ஆளே இல்லாமல் தானே குண்டு நிரப்பித் தானே சுடும் ஏதோ ஒன்று என்றுதான். ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘செல்ஃப் புரொபெல்ட் ஆர்ட்டிலரி’. இழுத்துப் போக லாரியோ டிராக்டரோ தேவைப்படாத, சொந்த எஞ்சினில் நகரும் பீரங்கி. அவ்வளவுதான் பொருள்.

‘புரொபெல்’ லத்தீனிலிருந்து வந்தது: ‘ப்ரோ’ என்றால் முன்னே, ‘பெல்லெரே’ என்றால் தள்ளு. நம்முடைய ‘உந்து’ இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ரஷ்யர்கள் ‘சமோஹோத்னயா உஸ்தனோவ்கா’ என்பார்கள், அதாவது தானே செல்லும் அமைப்பு. எஸ்யூ-152 என்ற சோவியத் பீரங்கி வண்டியின் பெயரில் உள்ள எஸ்யூ இதன் சுருக்கமே. ஜெர்மன் சொல் ‘செல்ப்ஸ்ட்ஃபார்லஃபெட்டே’. இதில் ‘லஃபெட்டே’ என்பது பீரங்கியைத் தாங்கும் சட்டம். ஓடுவது தாங்கிதான், பீரங்கி அல்ல என்று சொல்லிலேயே வைத்துவிட்டார்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

தானே நகர்வதற்கும் தானே சுடுவதற்கும் உள்ள வேறுபாடு ஏன் முக்கியம் என்று காட்ட, சோவியத் நாடு சோதனையாகச் செய்து பார்த்த ஒரு ராட்சதனைப் பார்க்கலாம். 1953 மே 25 அன்று அமெரிக்கர்கள் நெவாடா பாலைவனத்தில் 280 மி.மீ. பீரங்கி ஒன்றிலிருந்து அணுகுண்டைச் சுட்டுக் காட்டினார்கள். அது தன்னுந்து அல்ல. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இழுவை வண்டிகளுக்கு நடுவே பல்லக்கு மாதிரி தொங்கிக்கொண்டு போகும். சோவியத்தின் பதில் 2ஏ3 ‘கொண்டென்சாத்தர்’. மின்தேக்கி என்று பொருள். பீரங்கிக்கு இப்படியொரு பெயரா என்று கேட்காதீர்கள், ரகசியப் பெயர்கள் அப்படித்தான் இருக்கும்.

அமெரிக்கர்களைப் போல அணுகுண்டை அவ்வளவு சிறிதாகச் செய்ய அப்போது சோவியத்தால் முடியவில்லை. அதனால் குழல் விட்டம் 406 மி.மீ. ஆனது. எறிகணை 570 கிலோ, வண்டியின் எடை 64 டன், வீச்சு 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல். டி-10 கனரக டாங்கியின் உறுப்புகளைக் கொண்டு நீளமான அடிச்சட்டம் கட்டினார்கள். சுழலும் கூண்டு கிடையாது. இடம் வலமாகக் குறி வைக்க வண்டி முழுவதையுமே திருப்ப வேண்டும். அரைடன்னுக்கு மேற்பட்ட எறிகணையை எவர் தூக்குவது? அதற்குத் தனியாகத் தூக்கு இயந்திரம். இதை ‘தானியங்கி’ என்றால் அந்தப் படைவீரர்களே சிரித்திருப்பார்கள். தானே செய்த ஒரே வேலை, நகர்ந்தது மட்டும்தான்.

1957 நவம்பர் 7 அணிவகுப்பில் இதைச் செஞ்சதுக்கத்தில் ஓட்டிக் காட்டியபோது, வெறும் பொம்மை என்று நினைத்த மேற்கத்தியர்களும் உண்டு. உண்மையில் செய்தது நான்கே வண்டிகள். இதன் கூட்டாளியான 420 மி.மீ. ‘ஒகா’ மோர்ட்டாரில் உதைப்பைத் தாங்கும் அமைப்பே இல்லை. சுட்டால் 55 டன் வண்டி பின்னால் சறுக்கிப் போகும். ஏவுகணைகள் வந்ததும், 1960ஐ ஒட்டி இரண்டையும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ‘பீரங்கி வண்டி’ என்றால் பலருக்கு டாங்கிதான் நினைவுக்கு வரும். டாங்கி எதிரியை நேருக்கு நேர் பார்த்துச் சுடுவது, கவசம் கனமானது. இதுவோ கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்து மேல்நோக்கிச் சுடுவது, பெரும்பாலும் கவசம் மெலிந்தது. ‘தானியங்கி பீரங்கி’யை, விசையை அழுத்தியபடி இருந்தால் தொடர்ந்து சுடும் சிறு விட்டப் பீரங்கிக்கு விட்டுவிடலாம். மிஞ்சுவது தன்னுந்து பீரங்கி. தன் + உந்து. சங்கிலிப்பட்டையில் ஓடினாலும் லாரிச் சக்கரத்தில் ஓடினாலும் பொருந்தும். ‘தற்செலுத்துப் பீரங்கி’யிலும் தவறில்லை, வாயில் கொஞ்சம் இடறுகிறது.

‘பீரங்கி’யும் நம் சொல் அல்ல. ஃபிராங்கு இனப் பெயர் அரபி, பாரசீகம் வழியாக ‘ஃபரங்கி’ ஆகி, இங்கே போர்ச்சுக்கீசியரைக் குறித்தது. அவர்கள் கொண்டுவந்த ஆயுதத்துக்கும் அவர்கள் பெயரே ஒட்டிக்கொண்டது. பரங்கிக்காய், பரங்கிமலை எல்லாம் இந்தக் குடும்பம்தான். மதராஸ் பீரங்கிப்படையின் தலைமையிடம் அதே பரங்கிமலையில் இருந்தது ஒரு வேடிக்கை. ஈழத்தில் ‘ஆட்லறி’ என்று எழுதுவார்கள். அங்கே வழங்கும் ‘எறிகணை’ நல்ல சொல், நானும் மேலே அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியின் உடலை நீட்டி, அதன்மேல் 130 மி.மீ. சோவியத் பீரங்கியை ஏற்றிய இந்திய வண்டிக்கு ‘கேட்டபுல்ட்’ என்று பெயர் வைத்தார்கள். கவண்பொறி என்று பொருள். அதுவும் தன்னுந்து பீரங்கிதான்.