கடலில் போன சரக்கு: விழுந்ததா, வீசினார்களா?

கப்பல் சரக்குக் காப்பீட்டு கிளெய்ம்களை ஆய்வு செய்வது என் தொழில். "சரக்கு கடலில் போய்விட்டது" என்று ஒரே வரியில் எழுதி அனுப்புவார்கள். விழுந்ததா, வீசினார்களா என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். எப்படிப் போனால் என்ன, போனது போனதுதானே என்பார்கள். பணம் கைக்கு வருமா என்பதே சில சமயம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது.

ஆங்கிலேயக் கடல் சட்டத்தில் இதற்கென்றே நான்கு சொற்கள் உண்டு. கப்பல் மூழ்கியபின் மிதந்து கிடக்கும் சரக்கு ஃப்ளாட்சம். மிதப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. ஆபத்தில் பாரத்தைக் குறைக்க மாலுமிகளே தூக்கி எறிந்தது ஜெட்சம். எறிதல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த ஜெட்டிசன்தான் தேய்ந்து இப்படி ஆனது. எறியும்போதே, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மிதவை கட்டிவிட்ட கனமான சரக்கு லகன். மீட்கும் நம்பிக்கையே இல்லாமல் கைவிட்டது டெரலிக்ட். லத்தீனிலும் அதற்குக் கைவிடப்பட்டது என்றே பொருள்.

இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்ததற்குக் காரணம் பங்குச் சண்டை. கரை ஒதுங்கியது அரசருக்கோ, அவரிடம் அந்த உரிமையைப் பெற்ற நிலப்பிரபுவுக்கோ போகும். கடலிலேயே கிடப்பது கடற்படைத் தலைவரின் அதிகாரத்தில் வரும். 1601ல் சர் ஹென்றி கான்ஸ்டபிள் வழக்கில் இந்தச் சொற்களுக்கு விளக்கம் எழுதப்பட்டது இதனால்தான். பிரிட்டனின் 1995 வணிகக் கப்பல் சட்டம் நான்கையும் 'ரெக்' (கப்பல் சிதைவுப் பொருள்) என்ற ஒரே தலைப்பில் போட்டுவிட்டது.

ஆனால் இன்சூரன்ஸில் அந்தப் பழைய கோடு அழியவில்லை. உலகம் முழுக்கப் புழங்கும் சரக்குக் காப்பீட்டு விதிகளில் ஏ, பி, சி என மூன்று வகை உண்டு. பிரீமியம் குறைவு என்று பலரும் எடுப்பது சி. கப்பலைக் காப்பாற்ற உங்கள் சரக்குப் பெட்டியை (கன்டெய்னரை) எறிந்தால் சி பணம் தரும். அலை அடித்துக்கொண்டு போனால் தராது. அதற்கு பி அல்லது ஏ வேண்டும். கப்பலே மூழ்கினாலோ தரைதட்டினாலோ சியிலும் கிடைக்கும் என்பது வேறு விஷயம். 2020 நவம்பரில் பசிபிக்கில் 'ஒன் ஏபஸ்' கப்பலிலிருந்து 1,816 பெட்டிகள் கடலில் விழுந்தன. அவற்றை யாரும் எறியவில்லை, கப்பலும் மூழ்கவில்லை. இன்றைக்குப் பெட்டிகள் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான், அதனால் சி எடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கும்.

அப்புறம் ஜெனரல் ஆவரேஜ். எல்லோரையும் காப்பாற்ற ஒருவர் சரக்கை எறிந்தால், தப்பிய எல்லோரும் அந்த நட்டத்தைப் பங்கிட வேண்டும். கிரேக்கத் தீவான ரோட்ஸைச் சேர்ந்த ரோடியர்களின் கடல் வழக்கம் என்று ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே பதிவான விதி இது. இன்று தீயணைப்பு, மீட்புச் செலவு என்று விரிந்துவிட்டது. 2018ல் 'மேர்ஸ்க் ஹோனம்' தீப்பிடித்தபோது, மீட்புக் கட்டணத்தையும் சேர்த்துச் சரக்கு மதிப்பில் 54 சதவீதத்துக்குச் சரக்கு உரிமையாளர்களிடம் பிணை கேட்டார்கள். சரக்கு பத்திரமாகவே இருந்தாலும் பிணை கொடுக்காமல் அது கைக்கு வராது. சி பாலிசி இருந்தால்கூட இந்தப் பங்கைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். பாலிசியே இல்லாதவர் சொந்தப் பணத்தைக் கட்ட வேண்டும்.

சரி, கரையில் கண்டெடுப்பவர்? எடுத்தவனுக்கே சொந்தம் என்ற நம்பிக்கை எல்லா ஊர்க் கடற்கரையிலும் உண்டு. 2007 ஜனவரியில் 'எம்எஸ்சி நாப்போலி' கப்பலின் பெட்டிகள் இங்கிலாந்தின் பிரான்ஸ்கோம் கரையில் ஒதுங்கியபோது, புது பிஎம்டபிள்யூ பைக்குகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு குடும்பம் இடம்பெயரும்போது அனுப்பிய வீட்டுச் சாமான்களும் அந்தக் கும்பலிடம் சிக்கின. அங்குள்ள சட்டப்படி, எடுத்ததை 28 நாளுக்குள் ரிசீவர் ஆஃப் ரெக் என்ற அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் கோர ஓராண்டு அவகாசம் உண்டு. முறையாகத் தெரிவித்தவருக்கு மீட்புச் சன்மானம் கிடைக்கலாம். மூடிய பீப்பாயோ டப்பாவோ ஒதுங்கினால் தொடவே வேண்டாம். உள்ளே ரசாயனம் இருக்கலாம், மேலே இருந்த எச்சரிக்கை லேபிளை உப்புத்தண்ணீர் எப்போதோ உரித்திருக்கும்.